எழுத்து இல்லாதவனுக்குத் தத்துவம் கிடையாதாமே?

மலைக்காகம்:
நேத்து பக்கத்து விவாத இழையில ஒரு பெரியவர் தீர்ப்பு எழுதிட்டுப் போயிருக்கார்: "ஏடும் எழுத்தும் இல்லாத சின்னச் சமூகங்களில் புராணம் இருக்கும், சடங்கு இருக்கும், தத்துவம் இருக்காது." அதுக்கு வரிசையா கைதட்டல் வேற. படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. அதான் தனி இழை.

மாலி நாட்டுல பாண்டியாகரா மலைச்சரிவை ஒட்டி டோகோன் மக்கள் இருக்காங்க. அங்க ஒகோதெம்மேலின்னு ஒரு கிழவர். பழைய வேட்டைக்காரர், துப்பாக்கி வெடிச்சுக் கண் போனவர். 1946 அக்டோபர்ல மார்செல் கிரியோல்ங்கிற பிரெஞ்சு மானுடவியலாளருக்கு ஆள் அனுப்பி வரவழைச்சு, 33 நாள் பேசினார். அவர் சொன்ன படைப்புக் கதையில வானத்துலேர்ந்து இறங்கி வந்த ஒரு குதிர் வருது. அடி வட்டம், மேல்தளம் சதுரம், நாலு பக்கமும் பத்துப் பத்துப் படி. படிகள்ல உலகத்து உயிர்கள் வரிசையா நிக்குது. கிரியோல் மனசுக்குள்ள கணக்குப் போட்டுட்டு, இவ்வளவு சின்னப் படியில இத்தனை மிருகம் எப்படி நிக்கும்னு கேட்டார். கிழவர் சொன்ன பதிலோட சாரம்: இதையெல்லாம் வாயால சொல்லித்தான் ஆகணும், ஆனா அங்க நிக்கிற மானும் கழுகும் கழுதைப்புலியும் அடையாளங்கள். அடையாளம் எத்தனை வேணாலும் ஒரு முழப் படியில நிக்கும்.

இதையே ஏதென்ஸ்ல ஒருத்தர் சொல்லியிருந்தா இந்நேரம் நீங்க அதுல முனைவர் பட்டம் வாங்கியிருப்பீங்க.

கணக்குப்பிள்ளை:
அந்தப் "பெரியவர்" நான்தான். பேரைச் சொல்லி எழுதவே பயமா நண்பரே?

ஒரு முழப் படியா? எங்கே இருக்கு ஒரு முழம்? அடி வட்டத்தோட விட்டம் 20 முழம். மேல் சதுரம் பக்கத்துக்கு 8 முழம். 20-ல 8 போனா 12, ஒரு பக்கத்துக்கு 6. ஆறு முழத்துக்குள்ள பத்துப் படி வெச்சா படி அகலம் 0.6 முழம். கிழவர் கையும் களவுமா மாட்டிக்கிட்டார், "எல்லாம் அடையாளம்"னு நழுவிட்டார். எங்க ஊர் ஜோசியரும் பலிக்கலைன்னா இதைத்தான் சொல்றார். அவரும் தத்துவவாதியா?

மலைக்காகம்:
வந்துட்டார்யா டேப்போட! உலகத்தையே ஒரு குதிருக்குள்ள அடுக்கிக் காட்டுறான் மனுஷன், இவர் படியை அளக்கிறார்.

நழுவலா அது? சொன்ன கதையை அப்படியே நம்புறவன் கோபப்படுவான். "முன்னோர் சொன்னது, குறுக்குக் கேள்வி கேக்காதே"ம்பான். இவர் கோபப்படல. சொல்ற கதை வேற, அது சுட்டுற பொருள் வேறன்னு நடுவுல ஒரு கோடு கிழிச்சார். அதுவும் கேள்வி வந்த இடத்துலயே. இதுக்குப் பேர் என்னங்க? சமையல் குறிப்பா?

தஞ்சாவூரான்:
நடுவுல பேசுறதுக்கு மன்னிக்கணும். எந்த முழம்? முழங்கையிலேர்ந்து நடுவிரல் நுனி வரைக்குமா, இல்ல பூக்காரம்மா முழமா? ரெண்டாவதுன்னா 0.6 கூட தேறாது 😀

கணக்குப்பிள்ளை:
எந்த முழமா இருந்தாலும் விகிதம் மாறாது தஞ்சாவூரான். எட்டாம் வகுப்புக் கணக்கு. 0.6.

நட்சத்திரப்பித்தன்:
எல்லாரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. சிரியஸ் நட்சத்திரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத துணை ஒண்ணு இருக்கு. அது டோகோன் மக்களுக்குத் தெரியும்! தொலைநோக்கி இல்லாம எப்படித் தெரிஞ்சது? யோசிங்க மக்களே. மேலேர்ந்து வந்தவங்க சொன்னது.

மலைக்காகம்:
ஐயா சாமி, உங்களைத்தான் பயந்துக்கிட்டிருந்தேன். கறுப்பன் சுயமா யோசிச்சான்னு ஒத்துக்கிறதைவிட வேற்றுகிரகவாசி வந்து சொல்லிக்கொடுத்தான்னு நம்புறது உங்களுக்குச் சுலபமா இருக்கு. அந்தத் துணை நட்சத்திரத்தை 1862-லயே தொலைநோக்கியில பார்த்தாச்சு. கிரியோலும் அவரோட சக ஆய்வாளர் தீதெர்லெனும் டோகோன் மக்களோட சிரியஸ் சங்கதி பத்திக் கட்டுரை எழுதினது 1950-ல. நடுவுல 88 வருஷம். எந்த வெள்ளைக்காரன் வாய்வழியாவும் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
ஆஹா! சிரியஸ்னா "வெள்ளைக்காரன் சொல்லிப் போய்ச் சேர்ந்திருக்கும்". குதிர்னா மட்டும் கிழவரோட சொந்தச் சரக்கா? உங்க தராசுல எத்தனை தட்டு?

வால்டர் வான் பேக்னு ஒரு டச்சுக்காரர் அதே டோகோன் பகுதியில வருஷக்கணக்கா வேலை செஞ்சார். 1991-ல எழுதினார்: கிரியோல் சொன்ன படைப்புக் கதையை அங்க யாருக்கும் தெரியல, சிரியஸ் சங்கதியும் தெரியல. கிரியோல் 1931-லயே டோகோன் ஊருக்குள்ள போனவர். பதினஞ்சு வருஷம் யாரும் வாய் திறக்கல, அப்புறம் 33 நாள்ல ஒரே ஆள் மொத்தத்தையும் கொட்டிட்டார். நம்பணும்.

மலைக்காகம்:
கிரியோல் மகளே டோகோன் மொழி படிச்ச ஆய்வாளர், வான் பேக்குக்கு அப்பவே மறுப்பு எழுதினாங்க. அதை மட்டும் வசதியா மறந்துட்டீங்க.

சரி, நீங்க சொல்றதையே வெச்சுக்குவோம். ஊர்ல வேற யாருக்கும் தெரியாது. நல்லது! எல்லாருக்கும் தெரிஞ்சா அது வழக்கம். ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து கோத்திருந்தா அதுதானே சிந்தனை? உங்க சாட்சி என் கட்சிக்குத்தான் பேசுது.

கணக்குப்பிள்ளை:
அப்போ டோகோன் தத்துவம்னு ஒண்ணு இல்ல, ஒரு கிழவர் தத்துவம்தான் இருக்கு. உங்க தலைப்புல "சமூகம்" போச்சே! பெனின் நாட்டுத் தத்துவவாதி ஊன்தோன்ஜி 1976-லயே இதைத்தான் கேட்டார்: ஒரு இனம் முழுக்க ஒரே கருத்துன்னு எழுதுறது யார் கற்பனைன்னு. ஆப்பிரிக்கரே சொல்லியாச்சு.

மலைக்காகம்:
தலைப்புல சமூகமே இல்ல, போய்ப் படிங்க. அது உங்க வாக்கியம்! ஊன்தோன்ஜி திட்டினது இனத்தைக் கட்டி மேய்ச்சவங்களை. நான் ஒரு ஆளைப் பத்திப் பேசுறேன். சங்ககால இழையிலயும் இப்படித்தான், நான் சொல்லாததை என் வாயில திணிச்சீங்க. இன்னும் மறக்கல.

செங்காந்தள்:
ரெண்டு பேரும் கென்யாப் பக்கம் பார்க்கலாமே. நைரோபியில ஒடேரா ஒருகான்னு ஒரு தத்துவப் பேராசிரியர் 1970-கள்லேர்ந்து ஊர் ஊராப் போய் முதியவங்களைப் பேட்டி எடுத்தார். ஊர் சொல்றதைத் திருப்பிச் சொல்றவர் ஒரு ரகம், அதையே எதிர்த்துக் கேக்குறவர் இன்னொரு ரகம்னு பிரிச்சார். லுவோ இனத்து முதியவர் ம்புயா அகோகோ, இனத்துக்கு ஒரு கடவுள்ங்கிற பேச்சையே ஏத்துக்கல. ஆளுக்கொரு கடவுள் இருந்தா இயற்கையில குழப்பம்தானே வந்திருக்கும்னு தர்க்கம் வெச்சார். இத்தனைக்கும் ஒருகா, ஒகோதெம்மேலியை முதல் ரகத்துலதான் வெச்சார்.

கணக்குப்பிள்ளை:
அப்படிப் போடுங்க அக்கா! கேட்டுதா காகம்?

செங்காந்தள்:
கணக்கு, ம்புயாவுக்கும் ஏடு கிடையாது, வாய்ப்பேச்சுதான். உங்க தீர்ப்பு அங்கேயே உடையுதே?

கணக்குப்பிள்ளை:
அது பேட்டி எடுத்தவர் படிச்சவர்ங்கிறதால. 0.6-க்கு இன்னும் பதில் வரல.

மலைக்காகம்:
ஒருகா வெச்ச ரகத்தை நான் ஏத்துக்கணும்னு சட்டமா? ஒரு முழப் படி பதிலைப் படிச்சிட்டும் ஒருத்தர் அப்படிப் பிரிச்சா அவர் காது மந்தம்.

செங்காந்தள்:
நைரோபிப் பேராசிரியருக்குக் காது மந்தம். அருமை. நான் கிளம்புறேன்.

மட்டுறுத்துநர்:
டோகோன் ஊர்ல ஆண்கள் கூடிப் பேசுற தோகுனான்னு ஒரு மண்டபம் உண்டு. கூரையைத் தாழ்வா வெச்சிருப்பாங்க, கோபத்துல எவனாவது துள்ளி எழுந்தா தலை இடிக்கும். இந்த இழைக்கும் அப்படி ஒண்ணு போடலாமான்னு பார்க்கிறேன். தனிநபர் தாக்குதல் வேண்டாம்.

மலைக்காகம்:
பார்த்தீங்களா! எட்டுத் தூணும் தினைத்தட்டைக் கூரையுமா, சண்டையை அடக்கக் கட்டடம் கட்டத் தெரிஞ்ச ஜனத்துக்குத் தத்துவம் இல்லையாம்!

கணக்குப்பிள்ளை:
அது கொத்தனார் வேலை. மட்டுறுத்துநர் ஒரு தரப்புக்கு எடுத்துக் கொடுக்கிறதையும் பதிவு பண்ணிக்கிறேன்.

நட்சத்திரப்பித்தன்:
சிரியஸ் பத்தி இன்னும் ஒருத்தரும் உருப்படியா பதில் சொல்லல.

தஞ்சாவூரான்:
கணக்கு, நாலு பக்கமும் சேர்த்தா நாற்பது படி இருக்கே, அதைக் கணக்குல எடுத்தீங்களா?

கணக்குப்பிள்ளை:
தஞ்சாவூரான், நாலு பக்கம் இருந்தா படி அகலம் எப்படி மாறும்? வட்டத்தை வரைஞ்சு படத்தோட வரேன். இருங்க.

மலைக்காகம்:
வரையுங்க. அதுல மானையும் நிக்க வெச்சு வரையுங்க.