பிஜி (பேயிங் கெஸ்ட்) விடுதியில் டேங்கர் தண்ணீர், முடி கொட்டுகிறது. ஷவர் ஃபில்டர் வாங்கலாமா?

மாரத்தஹள்ளி பிஜிவாசி | அக்டோபர் 19

எல்லோருக்கும் வணக்கம். வயது 26, சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். பெங்களூருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் பிஜிக்குக் காவிரி இணைப்பு கிடையாது. போர் தண்ணீர்தான், அது வற்றினால் டேங்கர். பக்கெட்டில் ஒரு ராத்திரி வைத்தால் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் படிந்துவிடும்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பிருந்து முடி கொத்துக் கொத்தாக வருகிறது. பாத்ரூம் சல்லடை அடைத்துக்கொண்டு, பிஜி ஆன்ட்டி இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டார். முன்பெல்லாம் என் சடைக்கு ரப்பர் பேண்டை இரண்டு சுற்று போட்டாலே இறுகிவிடும். இப்போது மூன்று சுற்றுக்கு மேல் போடுகிறேன், அப்போதும் நழுவுகிறது.

தண்ணீர்தான் காரணம் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஜூலையில் டெங்கு வந்து 12 நாள் ஊரில் கிடந்தேன். அந்த 12 நாளும் முடி கொட்டவே இல்லை! திரும்பி வந்து இரண்டு மாதம் இந்தத் தண்ணீரில் குளித்ததும் ஆரம்பித்துவிட்டது. சாப்பாடு ஒழுங்காகத்தான் போகிறது. காய்ச்சலுக்குப் பிறகு டயட்டில் இருந்து 6 கிலோ குறைத்து இப்போது 54க்கு வந்திருக்கிறேன். முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் ஒரு மாதமாகப் போடுகிறேன். ஷவர் ஃபில்டர் உண்மையிலேயே பலன் தருமா?

ஹூடி எஞ்சினியர் | அக்டோபர் 19

ஃபில்டர் வாங்கினேன், நான்கு மாதத்தில் கார்ட்ரிட்ஜ் மாற்றச் சொன்னது, தூக்கிப் போட்டுவிட்டேன். காவிரித் தண்ணீர் வருகிற ஏரியாவுக்கு மாறுங்கள். வாடகை ஏறும், முடி நிற்கும்.

அல்சூர் அக்கா | அக்டோபர் 20

வீடு மாற வேண்டாம்மா. உன் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஜூலையில் டெங்கு என்று எழுதியிருக்கிறாய் பார், அதுதான்.

நான் 19 வருடமாக லேபில் ரத்தம் எடுக்கிறவள். டாக்டர் இல்லை. ஆனால் டெங்கு சீசன் முடிந்து மூன்று மாதம் ஆனால், கையில் முடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் பெண்கள் வருவதை வருடா வருடம் பார்க்கிறேன். எல்லோரும் சொல்வது ஒன்றுதான், பெங்களூர் தண்ணீர்!

தலையில் இருக்கும் சுமார் ஒரு லட்சம் முடியில் பத்துக்கு எட்டரை, ஒன்பது பங்கு எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும், மீதி ஓய்வில் இருக்கும். பெரிய காய்ச்சல் வந்தால் உடம்பு செலவைக் குறைக்கப் பார்க்கும். வளர்கிற முடியில் நிறையப் பேரை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். ஓய்வுக்குப் போன முடி அன்றைக்கே விழாது. இரண்டு மூன்று மாதம் வேரிலேயே உட்கார்ந்திருந்து பிறகுதான் விழும். அதனால்தான் காய்ச்சலில் கிடந்த 12 நாளில் கொட்டவில்லை. இதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர். நம் பாட்டிகளுக்குப் பெயர் தெரியாது, கணக்கு தெரியும். எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் முடி கொட்டியபோது மாமியார், "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சிட்டான்ல, அப்படித்தான் கொட்டும்" என்றார். பிள்ளை சிரித்ததற்கும் முடிக்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் மாதம் எவ்வளவு சரியாக இருக்கிறது பார்.

சந்தேகம் இருந்தால் நாளைக் காலை தலையணையில் கிடக்கும் முடியில் ஒரு பத்தை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வை. ஒரு நுனியில் வெங்காய விதை அளவுகூட இல்லாத சின்ன வெள்ளை முண்டு இருந்தால் அது வேரோடு வந்த ஓய்வு முடி. இரண்டு நுனியிலும் முண்டு இல்லாமல் குட்டையாக இருந்தால் நடுவில் உடைந்தது. உப்புத் தண்ணீர் முடியை முரடாக்கும், உடையவும் வைக்கும். வேரைப் பிடுங்காது.

அடுத்து அந்த 6 கிலோ. காய்ச்சலில் இளைத்த உடம்பை டயட்டில் போட்டது இரண்டாவது அடி. வேகமாக எடை குறைத்தாலும் இதே மூன்று மாதக் கணக்கில் கொட்டும். ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுகிறாய் என்று மறைக்காமல் எழுது. அதற்குள் சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பு), டிஎஸ்எச் (தைராய்டு) மூன்று டெஸ்டும் எடு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் காலியாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹீமோகுளோபின் கையில் இருக்கும் காசு, ஃபெரிட்டின் பேங்கில் இருப்பது. காய்ச்சலோ சளியோ இருக்கும்போது எடுக்காதே, ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும்.

இன்னொன்று, அந்த பயோட்டினை டெஸ்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்து. தைராய்டு ரிப்போர்ட்டைக் குழப்பிவிடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லேயே இதை எச்சரித்தது, ஆனாலும் கடையில் யாரும் சொல்வதில்லை. ஒரு நாளைக்குத் தேவை 30, 40 மைக்ரோகிராம். முடி மாத்திரை பலவற்றில் 10,000 இருக்கிறது. பற்றாக்குறையே இல்லாதவருக்கு அதைக் கொட்டி என்ன பயன்?

ஸ்ரீராம்புரம் வழுக்கையார் | அக்டோபர் 20

அக்கா சொன்னதை ஆண்கள் படித்துவிட்டு ஏமாற வேண்டாம். எனக்கு 41. நெற்றி ஏறி உச்சியும் தெரிந்தபோது, சாப்பாட்டில் சரிசெய்கிறேன் என்று இரண்டு வருடம் கறிவேப்பிலைச் சாறு, தினமும் இரண்டு பச்சை முட்டை. தோல் டாக்டர் சிரித்தார். பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின், பயோட்டினை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளுமாம். வேக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. பரம்பரை வழுக்கை ஹார்மோன் விவகாரம், முட்டை தடுக்காது. மினாக்சிடில் என்ற முடி மருந்து போடுகிறேன், இருப்பது நிற்கிறது. அந்த இரண்டு வருடத்தை வீணாக்காமல் அப்போதே போயிருந்தால் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கும்.

மாரத்தஹள்ளி பிஜிவாசி | அக்டோபர் 27

அக்கா, பத்தில் ஒன்பதில் முண்டு இருந்தது. ரூம்மேட் நான் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வீடியோ எடுத்துவிட்டாள்.

ரிப்போர்ட்: ஹீமோகுளோபின் 11.4, ஃபெரிட்டின் 8, டிஎஸ்எச் நார்மல். டாக்டர் மூன்று மாதத்துக்கு இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பாடு: காலையில் பிஜி அவல் அல்லது சித்ரான்னம், கூடவே காபி. மதியம் ஆபீசில் சாலட். ராத்திரி பழ ஸ்மூத்தி. அசைவம் சாப்பிடுவேன். இங்கே சமைக்க அனுமதி இல்லை, கெட்டில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அல்சூர் அக்கா | அக்டோபர் 27

ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனாலே இருப்பு காலி என்று அர்த்தம். உனக்கு 8. ஃபில்டர் காசுக்கு ஈரல் வாங்கியிருக்கலாம்.

54 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 45 கிராம் புரதமாவது வேண்டும். நீ எழுதியதைக் கூட்டினால் 20 தேறினால் அதிகம். முடி என்பதே முக்கால்வாசிக்கு மேல் கெரட்டின் என்ற புரதம்தான். சித்ரான்னத்தில் எங்கிருந்து வரும்?

கெட்டில் போதும். இரண்டு முட்டை போட்டுத் தண்ணீரை மூன்று முறை கொதிக்கவிட்டு மூடி வை, 12 கிராம் ஆயிற்று. பச்சைப்பயறை ராத்திரி ஊறவைத்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடு, மறுநாள் ராத்திரி முளை எட்டிப் பார்க்கும். கெட்டிலில் ஒரு கொதி விட்டு எலுமிச்சை பிழிந்து சாப்பிடு. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 7 கிராம். மதியம் சாலட்டை விட்டு, ஆபீஸ் கேன்டீனில் பஸ்ஸாரும் பல்யாவும் போட்டால் அதை வாங்கு. கீரையும் பயறும் சேர்ந்து வேகிற சாமான் அது, கன்னடக்காரர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது. வாரம் ஒரு முறை மெஸ்ஸில் ஆட்டு ஈரல். ஈரலில், மீனில் இருக்கும் இரும்பு சுலபமாகச் சேரும். கீரை இரும்பு அப்படியில்லை, கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ போனால்தான் கொஞ்சம் ஏறும். முருங்கைக்கீரை வேண்டுமென்றால் தள்ளுவண்டியில் நுக்கே சொப்பு என்று கேள். ராகியை இரும்பு என்று சொல்லி யாராவது விற்றால் நம்பாதே. அது கால்சியத்துக்கு ராஜா, இரும்பு சுமார்தான்.

காபியை விடச் சொல்லவில்லை, நானே விடமாட்டேன். டிபனுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. மாத்திரையும் காபியோடு, பாலோடு வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. இந்த இழையைப் படிக்கிற மற்றவர்கள் டெஸ்ட் எடுக்காமல் இரும்பு மாத்திரை வாங்காதீர்கள். கூடினாலும் கேடுதான்.

ஹூடி எஞ்சினியர் | அக்டோபர் 28

நான் வீடு மாறியே ஒரு வருடம் ஆகிறது. இப்போது ஃபெரிட்டின் எடுக்கப் போகிறேன்.

மாரத்தஹள்ளி பிஜிவாசி | பிப்ரவரி 9

அக்கா, எழுதத் தாமதமாகிவிட்டது. நவம்பர் முழுக்கக் கொட்டியது, அழுதேன். டிசம்பர் கடைசியில் குறைந்தது. இப்போது தலை குளிக்கும் நாளில் மட்டும் கொஞ்சம் வருகிறது. ஃபெரிட்டின் 31, மாத்திரையை இன்னும் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். எடை 2 கிலோ ஏறிவிட்டது, ஏறட்டும்.

நெற்றி ஓரத்தில் இரண்டு செண்டிமீட்டருக்குக் குட்டி முடிகள் ஈர்க்கு மாதிரி நிற்கின்றன, எண்ணெய் வைத்தாலும் படியவில்லை. ஆனால் சடைக்கு ரப்பர் பேண்டு இன்னும் அதே மூன்று சுற்றுதான்.

அல்சூர் அக்கா | பிப்ரவரி 9

மாதம் ஒரு செண்டிமீட்டர்தான் வளரும்மா. அந்தக் குட்டி முடி சடைக்குள் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். படிய வைக்க ஜெல் எல்லாம் போடாதே, நிற்கட்டும். ஆன்ட்டி என்ன சொல்கிறார்?

மாரத்தஹள்ளி பிஜிவாசி | பிப்ரவரி 10

சல்லடையைப் பற்றிப் பேச்சே இல்லை. இப்போது கெட்டிலில் முட்டை நாற்றம் என்று கதவைத் தட்டுகிறார்.