டிராக்டர் ஸ்பிரேயர்: 12 வோல்ட் வால்வு திறக்க மாட்டேங்குது

கேள்வி: தோவாளை பக்கம் வயல். சுவிட்ச் போட்டா மருந்தைத் திறந்து விடுற சோலனாய்டு வால்வு (கரண்ட்ல திறக்கிற வால்வு) லேசா துடிக்குது, திறக்கல. பேட்டரியில 12.6 வோல்ட், வால்வு முனையில 9.4 தான். ஸ்பிரேயரைத் தூக்குற டிராக்டர் லிஃப்ட்டைத் தூக்கினா ஃப்யூஸும் போகுது. எங்க பார்க்கணும் அண்ணாச்சி?

பதில் 1: ரெண்டும் தனித்தனிக் கோளாறு தம்பி. முதல்ல எர்த், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புற வழி. சுவிட்ச் ஆன்ல இருக்கும்போதே மீட்டரை பேட்டரி மைனஸ்லயும் ஸ்பிரேயர் சட்டத்துலயும் வைங்க. 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா அங்கதான் குறை. ஸ்பிரேயரை டிராக்டரோட மாட்டுற லிங்க் பின் வழியா வர்ற எர்த்தை நம்பவே கூடாது, பெயிண்டும் துருவும் தடுக்கும். மைனஸ்ல இருந்து நேரா சட்டத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுங்க.

பதில் 2: ஃப்யூஸுக்கு லிஃப்ட் ஆர்ம் ஓரத்தைப் பாருங்க, ஒயர் உரசி செம்பு தெரியும். பெரிய ஃப்யூஸ் போட்டுடாதீங்க, ஒயரே எரிஞ்சிரும்.

பதில் 1: வால்வுக்குப் போற ஒயர் கனெக்டரையும் கழட்டிப் பாருங்க. நம்ம உப்புக்காத்துக்கு உள்ள செம்புல பச்சைக் களிம்பு பூத்திருக்கும். களிம்பு பிடிச்ச முனையை வெட்டிட்டுப் புது டெர்மினல் அடிங்க.