‘ஃபேரி டேல் ரீடெல்லிங்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

மின்னூல்களுக்கு வகைப்பெயர் இடும் வேலையில் ஒரு சொல் முட்டுகிறது. சிண்டரெல்லா, ராபுன்செல், தூங்கும் அழகி போன்ற பழங்கதைகளை எடுத்து, அவை இன்றைய அலுவலகத்திலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ நடப்பதுபோல் எழுதும் காதல் நாவல்கள் தனி வகையாகவே பெருகிவிட்டன. வாசகர்கள் ‘ரீடெல்லிங்’ என்றே சொல்கிறார்கள். மறுகூறல், மீள்சொல்லல், மறுவாசிப்பு, மீட்டுருவாக்கம், தழுவல் என ஆளுக்கொரு சொல் போடுவதால் தேடினால் பாதிதான் அகப்படுகிறது. ஒன்றை முடிவு செய்து தாருங்கள். மூலக் கதைக்குத் ‘தேவதைக்கதை’ என்றே வைத்துக்கொள்ளலாமா என்பதையும் சொல்லுங்கள்.

— — —

> மீட்டுருவாக்கம், தழுவல்

மீட்டுருவாக்கம் அகழாய்வுக்காரர்களுடையது. உடைந்த பானையை ஒட்டவைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். இங்கே எதுவும் உடையவில்லை.

தழுவல் நல்ல சொல், புழக்கத்திலும் உண்டு. ஆனால் காதல் நாவலுக்கு அந்தப் பெயரை வைத்தால் அட்டைப்படத்தைச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். :-)

என் வாக்கு மறுகூறலுக்கு.

— — —

ஐயா, மறுகூறல் என்றதும் எனக்கு மதிப்பெண் மறுகூட்டல்தான் காதில் விழுகிறது. அதைவிடப் பெரிய குறை, சொன்னதையே திரும்பச் சொல்வதாக அது பொருள்படுவது. இந்த நாவல்கள் அதைச் செய்வதில்லை. நாவலாசிரியர் எதை மாற்றுகிறார், எதைத் தொடாமல் விடுகிறார் என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

கண்ணாடிச் செருப்பை எடுத்துக்கொள்வோம். இன்றைய நாவலில் அது விருந்தில் விட்டுப்போன கைப்பேசியாக வரும். முகமூடி நடனத்தில் கழன்ற காதணியாக வரும். பெயர் சொல்லாமல் நடந்த குறுஞ்செய்தி உரையாடலாகக்கூட வரும். பொருள் எதுவானாலும் அதற்கு வேலை ஒன்றுதான்: அவளைத் தேடிவரும் ஒருவன், கூட்டத்தில் அவளை அவள்தான் என்று அறிய வேண்டும். துஷ்யந்தனின் கணையாழிக்கும் அதே வேலை. நள்ளிரவு மணிக்கும் ஒரு வேலை உண்டு, கெடு வைப்பது. மாயம் இல்லாத உலகில் வண்டி பூசணிக்காய் ஆகாது. அதனால் கடைசி ரயிலோ, மாற்றாந்தாய் வீடு திரும்பும் நேரமோ அந்த இடத்தில் வந்து உட்காரும். ராபுன்செலின் கோபுரம், மகளை வெளியே விடாத தாயின் மாடிவீடு. ‘அழகியும் மிருகமும்’ கதையில் வரும் மிருகத்தின் கோட்டை, விபத்துக்குப்பின் யாரையும் பார்க்காத பணக்காரனின் மாளிகை. (இந்தப் பணக்காரர்களுக்கு எப்போதும் நூலகம் வைத்த மாளிகையே வாய்க்கிறது!)

ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் பிராப் 1928-இல் மாயக்கதைகளைப் பிரித்துப்பார்த்து 31 செயற்கூறுகளைச் சொன்னார். பாத்திரங்களும் பொருள்களும் மாறும், அவை செய்யும் வேலை நிற்கும் என்பது அவர் கண்டது. நம் நாவலாசிரியர்கள் தெரிந்தோ தெரியாமலோ அந்த வழியில்தான் போகிறார்கள்.

இதற்கான சொல் நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. நன்னூல் நூலை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுத்து, வழிநூலுக்கு இலக்கணம் சொல்கிறது:

முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்

முடிபு ஒத்திருக்க வேண்டும், இடையில் பின்னவன் தான் விரும்பிய வேறுபாடுகளைச் சொல்லலாம். ‘ரீடெல்லிங்’ என்று நாம் திணறுவது இதைத்தானே? காதல் நாவல் வாசகர் கடைசிப் பக்கத்தில் இருவரும் சேர்வார்கள் என்ற உறுதியோடுதான் புத்தகத்தைத் திறக்கிறார். எப்படிச் சேர்கிறார்கள் என்பதே அவருக்கு வேண்டிய விகற்பம். வான்மீகிக்குக் கம்பன் வழிநூல் செய்தான் என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இது அந்நியமில்லை.

ஆகவே: வழிக்கதை. சிண்டரெல்லா வழிக்கதை, ராபுன்செல் வழிக்கதை. வகைப்பெயராகக் ‘காதல் வழிக்கதை’.

‘தேவதைக்கதை’ வேண்டாம். தோனுவா சீமாட்டி 1697-இல் தம் கதைத் தொகுப்புக்கு வைத்த பிரெஞ்சுத் தலைப்பு ஆங்கிலத்தில் நுழைந்து, அங்கிருந்து நமக்கு வந்த பெயர் அது. கிரிம் சகோதரர்களின் சிண்டரெல்லாவில் தேவதையே கிடையாது. தாயின் கல்லறைமேல் வளர்ந்த மரமும் பறவைகளும்தான் அவளுக்கு உடை தருகின்றன. மாயக்கதை என்றால் எல்லாம் அடங்கும்.

— — —

வழிக்கதை பிடித்திருக்கிறது. (வழிப்பறிக் கதை என்று எவராவது படிப்பார், பரவாயில்லை.) ஆனால் அக்கா, இரண்டு கேள்விகள்.

வழி என்றால் முதல் ஒன்று இருக்க வேண்டுமே. சிண்டரெல்லாவுக்கு முதல் எது? பாசிலேயின் இத்தாலியத் தொகுப்பு 1630-களில் வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவுடையது 1697, கிரிம் 1812. சீனத்தின் யே சியன் கதை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. 1893-இல் மரியன் காக்ஸ் அம்மையார் 345 வடிவங்களைத் திரட்டிக் கொடுத்திருக்கிறார். இதில் யாரை முன்னோர் என்பது?

அடுத்தது, கடற்கன்னி. டென்மார்க் எழுத்தாளர் ஆன்டர்சன் 1837-இல் எழுதிய கதையில் இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான், கடற்கன்னி நுரையாகிக் கரைகிறாள். அதை வைத்துக் காதல் நாவல் எழுதுபவர் அவளை நுரையாக விடமாட்டார். விட்டால் வாசகர் புத்தகத்தை வீசிவிடுவார். கட்டாயம் சேர்த்துவைப்பார். முடிபு ஒக்கவில்லையே, அப்போது அது வழிக்கதையா?

— — —

தம்பி, நல்ல கேள்விகள். இரண்டாவதுதான் உண்மையில் இடிக்கிறது.

முதலாவதற்கு நூலை விட்டுவிட்டுக் கதைவகையைப் பிடித்துக்கொள்ளலாம். நாட்டார் கதை ஆய்வாளர்கள் வகைக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். ஆர்னே 1910-இல் தொடங்கியதைத் தாம்ப்சன் விரித்தார், 2004-இல் ஊத்தர் திருத்தினார். சிண்டரெல்லா 510ஏ, ராபுன்செல் 310. நாவலாசிரியர் பெரோவைப் படித்தாரா, கார்ட்டூன் படம்தான் பார்த்தாரா என்று நாம் விசாரிக்க வேண்டியதில்லை. 510ஏ-யின் எலும்புக்கூடு கதையில் இருந்தால் போதும். முன்னோர் என்பது இங்கே பன்மையாகவே இருக்கட்டும். கிரிம் கதையில் பறவைகள் அக்காள்மாரின் கண்ணைக் கொத்துகின்றன. பெரோவிலோ சிண்டரெல்லா அவர்களை மன்னித்து அரண்மனைக்கே அழைத்துப்போகிறாள். காதல் நாவல்கள் பெரும்பாலும் பெரோ பக்கம் சாய்கின்றன. அடுத்த பாகத்துக்கு ஒரு நாயகி வேண்டாமா, அந்த அக்காளே கிடைத்துவிடுவாள்!

கடற்கன்னிக்கும் நன்னூல் செய்த பவணந்தியார் இடம் வைத்திருக்கிறார்: ‘ஒருசிறை தொடங்கித் திரிபுவே றுடையது’ சார்புநூல். ஒரு பகுதி ஒத்து, மற்றது திரிந்து போவது. குரலை விற்றுக் கரைக்கு வருவதுவரை ஆன்டர்சன், பிறகு வேறு வழி. அது சார்புக்கதை. ஓநாயையே காதலனாக்கும் சிவப்புத் தொப்பிச் சிறுமி நாவல்களும் அங்கேதான் போகும். பெரோவில் ஓநாய் அவளைத் தின்றுவிடுகிறது, கிரிமில் வேட்டைக்காரன் காப்பாற்றுகிறான், எதிலும் திருமணம் இல்லை. சூனியக்காரியை நாயகியாக்கி எழுதுவதும் சார்புதான்.

— — —

> சார்புக்கதை

இந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. இலக்கண நுணுக்கம் சரி, ஆனால் வாசகர் தேடுபெட்டியில் ‘கடற்கன்னி’ என்று அடித்துவிட்டு, வழியா சார்பா என்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டார். கட்டுரை எழுதுவோருக்கு இரண்டு சொல்லும் இருக்கட்டும். பட்டியலுக்கு ஒன்று போதும்.

மறுகூறலை நான் விட்டுக்கொடுத்தாயிற்று. :-)

— — —

ஒப்புக்கொள்கிறேன், பட்டியலுக்கு வழிக்கதை மட்டும். பதிவு இப்படிப் போகலாம்:

வழிக்கதை (பெ.): முன்பே வழங்கும் ஒரு கதையின் நிகழ்ச்சிக்கட்டை வைத்துக்கொண்டு, களம், காலம், பாத்திரங்களை மாற்றிப் புதிதாகச் சொல்லும் புனைவு. முடிவு மாறினால் சார்புக்கதை என்றும் வழங்கலாம். எ-டு: ‘மருத்துவமனையில் நடக்கும் தூங்கும் அழகி வழிக்கதை.’

மாயக்கதை (பெ.): இயல்புக்கு மீறிய ஆற்றலோ பொருளோ நாயகருக்கு உதவியாகவோ தடையாகவோ வரும் வாய்மொழி மரபுக் கதை.

மாயக்கதை விளக்கத்தில் ‘வாய்மொழி’ என்று போட்டால் ஆன்டர்சன் வெளியே நிற்பார், அவர் பலவற்றைத் தாமே புனைந்தவர். ‘வாய்மொழி மரபுக் கதை, அம்மரபில் எழுதப்பட்ட கதையும்’ என்று திருத்தட்டுமா? மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், பிறகு ஏற்றிவிடுகிறேன்.