கனார்ட் என்றால் வதந்தியா, புரளியா, அவதூறா?

பிழைதிருத்தி:
மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். ஒரு கட்சியின் ஆங்கில அறிக்கையில், எதிர்த்தரப்பு தங்களைப் பற்றி "கனார்ட்" பரப்புவதாக வருகிறது. அகராதியில் ஆதாரமற்ற செய்தி என்று இருக்கிறது, பிரெஞ்சு அகராதியைத் திறந்தால் வாத்து! நான் "வதந்தி" என்று போட்டேன், மேலே இருப்பவர் அடித்துவிட்டு "அவதூறு" என்று எழுதிவிட்டார். எது சரி? உச்சரிப்பையும் சொல்லுங்கள், இத்தனை நாளும் கேனர்ட் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதுவைவாசி:
வாத்தும் சரிதான். பழைய பிரெஞ்சில் "வாத்தைப் பாதி விற்பது" என்றால் ஏமாற்றுவது. பாதி வாத்தை விற்றேன் என்பவன் விற்கவே இல்லை என்றுதானே அர்த்தம்! அப்புறம் அது பொய்ச்செய்திக்கும், பேச்சுவழக்கில் செய்தித்தாளுக்குமே பெயராகிவிட்டது. பாரிஸில் 1915-ல் தொடங்கிய "லெ கனார் ஆன்ஷெனே" என்ற நையாண்டி வார இதழ் இன்றும் வருகிறது. பிரெஞ்சில் கடைசி ட் ஒலிக்காது, ஆங்கிலத்தில் ஒலிக்கும், அழுத்தம் "னார்" மேல்.

பழைய நிருபர்:
வதந்தி பொருந்தாது தம்பி, வதந்தி சில சமயம் உண்மையாகியும் விடும். 2016 நவம்பரில் 2,000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது, மண்ணுக்கடியில் புதைத்தாலும் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்கும் என்று ஒரு கதை சுற்றியதே, அதை முதல் நாள் கேட்டு வாயைப் பிளந்தவன் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னது வதந்தி. ரிசர்வ் வங்கி இல்லவே இல்லை என்ற பிறகும் விடாமல் அனுப்பினார்கள் பாருங்கள், அது கனார்ட். யுனெஸ்கோ நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று அறிவித்ததாம், இதுவும் அப்படித்தான், எத்தனை முறை மறுத்தாலும் ஆகஸ்ட் 15 வந்தால் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்து நிற்கும். அதனால்தான் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு முன்னால் "ஓல்ட்" அடிக்கடி ஒட்டிக்கொள்கிறது. யுனெஸ்கோ கதையால் யார் மானமும் போகவில்லை, ஆக எல்லா கனார்டும் அவதூறு இல்லை. உங்கள் அறிக்கைக்கு நானாக இருந்தால் "புரளி கிளப்புகிறார்கள்" என்று போடுவேன்.

கடைசிபெஞ்ச்:
இன்னொன்று. இன்னும் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டுக்கு இதைப் போடாதீர்கள். கனார்ட் என்று நாமே எழுதினால் பொய் என்று தீர்ப்புச் சொன்னதாகிவிடும். கட்சி சொன்னதை கட்சி சொன்னதாகவே எழுதுங்கள். அப்புறம், ரஃபேல் விமானத்தில் விமானி அறைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன இறக்கைக்கும் கனார்ட் என்றுதான் பெயர், அங்கே போய்ப் புரளி என்று எழுதி வைக்காதீர்கள் 😄

பிழைதிருத்தி:
நன்றி சார். "புரளி" என்று மாற்றி அனுப்பினேன். அச்சில் "அவதூறு" என்றுதான் வந்திருக்கிறது.