கப்பல் மாடலில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது, எந்தக் கம் சரி?

கேள்வி (சுங்கை சிப்புட்):
வணக்கம். புளூநோஸ் கப்பலின் மரக் கிட் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1921-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கட்டிய பாய்மரக் கப்பல்; அவர்களுடைய 10 காசு நாணயத்தில்கூட இருக்கிறது. குறுக்குச் சட்டங்கள் நிறுத்தி, பலகை ஒட்டும் வேலை நடக்கிறது. முன்மூக்குப் பக்கம் நிறைய வளைய வேண்டியிருப்பதால் பலகையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, அப்படியே வெள்ளைக் கம் போட்டு ஒட்டுகிறேன். மறுநாள் பார்த்தால் அழகாக இருக்கிறது. சில நாள் போனதும் பலகைக்குப் பலகை கோடு விழுகிறது, காகிதம் நுழையும் அளவுக்கு. முனையில் இரண்டு பலகை எழும்பியே விட்டது.

சரி என்று யானைக் கம்முக்கு (சூப்பர் குளூ) மாறினேன். உடனே பிடிக்கிறது. ஆனால் வால்நட் மரத்தில் போட்ட தளத்தைச் சுற்றி வெள்ளையாகப் பனி படிந்த மாதிரி ஆகிவிட்டது. சேண்ட் பேப்பர் போடும்போது ஒரு பலகை டக்கென்று தெறித்தும் போனது. இங்கே சாயங்காலம் ஆனால் மழை, ஜன்னலை மூடிக்கொண்டுதான் வேலை. கம்மை மாற்றணுமா, முறையை மாற்றணுமா?

பதில் (தைப்பிங்):
டைட்பாண்ட் மூன்றாம் நம்பர் மரக் கம் வாங்குங்கள். தண்ணீர் பட்டாலும் விடாது. ஈர ஊருக்கு அதுதான் லாயக்கு.

பதில் (பீடோர், தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவன்):
தம்பி, வெள்ளைக் கம்மில் குறை இல்லை. ஈரப் பலகையில் போட்டதுதான் காரணம். மரம் தண்ணீர் குடித்தால் அகலத்தில் உப்பும், நீளத்தில் கூடுவது ரொம்பக் குறைவு. உப்பிய பலகைகளை நெருக்கி ஒட்டினால், காய்ந்ததும் ஒவ்வொன்றும் அகலத்தில் சுருங்கி நடுவில் கோடு காட்டும். அதோடு வெள்ளைக் கம் பிடிக்க அதிலுள்ள தண்ணீர் மரத்துக்குள் இறங்கியாக வேண்டும். மரம் ஏற்கெனவே நனைந்திருந்தால் அது எங்கே போகும்?

ஊறவைத்து வளைத்த பலகையைக் கம் இல்லாமலே சட்டத்தோடு சேர்த்துத் துணிக் கிளிப்பு மாட்டி இரவு முழுக்கக் காயவிடுங்கள். காலையில் கழற்றினால் வளைவு அப்படியே இருக்கும், கொஞ்சம்தான் விரியும். தொட்டால் குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை. மழை நாளில் காத்தாடி முன்னால் வையுங்கள். முழுசாகக் காய்ந்த பிறகு கம் போட்டு, அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். அதுவரை அதில் சேண்ட் பேப்பர் வைக்காதீர்கள்.

இன்னொன்று, சட்டங்களின் விளிம்பைக் கப்பல் வளைவுக்கு ஏற்பச் சாய்வாகத் தேய்த்தீர்களா? தேய்க்காவிட்டால் பலகை சட்டத்தின் ஓரத்தில் மட்டும் உட்காரும். அப்புறம் எந்தக் கம்மும் அதைக் காப்பாற்றாது.

தைப்பிங் நண்பர் சொன்ன கம் நல்ல கம்தான். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கப்போகும் மாடலுக்குத் தண்ணீர் தாங்கும் கம் தேவையில்லை, பிரிக்க நினைத்தால் கஷ்டமும் கூட. சாதாரண மஞ்சள் மரக் கம் போதும். வெள்ளையைவிட அது கெட்டியாகக் காய்வதால் சேண்ட் பேப்பரில் ரப்பர் மாதிரி இழுக்காது.

பதில் (சுங்கை பட்டாணி):
யானைக் கம் பற்றி நான் சொல்கிறேன். அது காற்றிலும் மரத்திலும் உள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. நம் ஊர் ஈரத்தில் அதன் ஆவி சீக்கிரமே இறுகித் தூளாக அக்கம்பக்கத்தில் படியும். உங்கள் வெள்ளைப் பனி அதுதான். மூடிய அறையில் இன்னும் மோசம், கண்ணும் எரியும். ஊசி முனையில் தொட்டு வையுங்கள், ஆவி விலகிப் போகிற மாதிரி காத்தாடி வையுங்கள். படிந்ததை அசிட்டோன் நனைத்த துணியால் லேசாகத் துடைக்கலாம், முதலில் துண்டுப் பலகையில் சோதியுங்கள். அந்தக் கம் ஊறிய இடத்தில் சாயமும் எண்ணெயும் ஏறாது, திட்டுத் திட்டாகத் தெரியும்.

தெறித்ததற்குக் காரணம், அது கண்ணாடி மாதிரி இறுகும். இழுத்தால் தாங்கும், தட்டினால் விட்டுவிடும். பலகையின் இரு முனையிலும் ஒரு சொட்டு யானைக் கம், நடுவில் மரக் கம் என்று போட்டால் கிளிப்பு இல்லாத இடத்திலும் அசையாமல் நிற்கும். பித்தளை வளையம், நங்கூரம் போன்ற உலோகச் சாமான்களுக்கு இரண்டு டியூபைக் கலந்து போடும் எபோக்சி கம். உலோகத்தை முதலில் சேண்ட் பேப்பரால் சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணே. செருப்புக் கம் போட்டால் உடனே பிடிக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எழும்பிய பலகையை எப்படிப் பிரிப்பது?

பதில் (பீடோர்):
செருப்புக் கம் வேண்டாம் தம்பி. வைத்த இடத்திலிருந்து நகர்த்த முடியாது. வளைந்த பலகை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கம் காலப்போக்கில் மெல்ல நழுவிக் கொடுக்கும்.

பிரிக்க, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் மூட்டில் தடவுங்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கம் மெதுவாகும், மெல்லிய கத்தியை நுழைத்து நெம்பலாம். அடுப்பும் கொசுவத்தியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பழைய கம்மைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒட்டுங்கள். கழற்றியதும் முன்மூக்கைப் பக்கவாட்டில் படம் எடுத்துப் போடுங்கள், சட்டத்தின் சாய்வு போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.