பழைய வீடு: ரிப்பேர் செலவைக் காட்டி விலை பேசுவது எப்படி?

கேள்வி: 30 வருஷத்து வீடு. ஹால் சீலிங்கில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. "பூசினால் போதும்" என்கிறார் உரிமையாளர். எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

பதில்: பூசினால் போதாதுங்க. துருவேறிய கம்பி உப்பி கான்கிரீட்டைத் தள்ளுகிறது. மேலே பூசும் பூச்சும் பெயர்ந்து விழும். சின்னச் சுத்தியலால் சீலிங் முழுக்கத் தட்டுங்கள். உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடமெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு, சதுர அடி அளந்து, பொறியாளரிடம் எஸ்டிமேட் வாங்குங்கள். கொத்துவது, துரு நீக்குவது, இளைத்த கம்பிக்குப் புதுக்கம்பி, பாலிமர் கலவைப் பூச்சு, மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங் எல்லாம் தனித்தனியாக வரட்டும். அந்தத் தொகையைத்தான் குறைக்கச் சொல்லணும்.

பதில்: பெயிண்ட், டைல்ஸைச் சேர்க்காதீங்க. பேச்சு அதிலேயே சுற்றும், கம்பி மறந்துபோகும்.

பதில்: பேசிய விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குக் கீழே இறங்கினாலும், தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% அந்த மதிப்புக்கே கட்டணும். அட்வான்ஸுக்கு முன்பே இதையும் கணக்கில் வையுங்க.