புதுப்பிப்பு: கறுப்பு டி-ஷர்ட்டில் ஒட்டிய வேல் படம் இப்போது உரியவில்லை

காவடிக்கான பருத்தி டி-ஷர்ட்டில் ஒட்டுத்தாளில் அச்சிட்டு இஸ்திரி போட்டு ஒட்டிய படம் முதல் சலவையிலேயே ஓரம் கிளம்பியது பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது, மெத்தை வைத்த இஸ்திரி மேசையை விட்டுக் கெட்டிப் பலகையில் அழுத்தச் சொன்ன யோசனை. மெத்தை அழுத்தத்தை விழுங்கிவிடுகிறது. இங்கே மொரீஷியஸின் கியூர்பீப் ஊரில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் துணியை முதலில் வெறுமனே 10 விநாடி தேய்த்து உலர்த்தினேன். பிறகு நீராவியை அணைத்து, பருத்திச் சூட்டில், பின்தாள் உரித்த படத்தின் மேல் பேக்கிங் தாள் போட்டு ஒவ்வோர் இடத்திலும் 20 விநாடி அழுத்தினேன். ஓரங்களுக்கு இன்னொரு தடவை. ஆறிய பிறகே மேல்தாளை எடுத்தேன்.

எதிர்பாராதது: படத்திலுள்ள எழுத்தைக் கண்ணாடிப் பிம்பம் போல இடவலம் மாற்றி அச்சிட்டு ஒரு தாள் வீண். அப்படி அச்சிடுவது வெளிர்நிறத் துணிக்கான ஒட்டுத்தாளுக்கு மட்டும். கருநிறத் துணிக்கான தாளில் நேராகவே அச்சிட வேண்டும். வேலின் கூர்முனையையும் சற்று வளைத்து வெட்டினேன், உரிதல் அங்கேதான் தொடங்கும்.

ஒட்டி ஒரு நாள் கழித்து, உட்புறம் திருப்பி, குளிர்நீரில் 3 சலவை ஆயிற்று. அப்படியே இருக்கிறது.